சேற்று நிறத்தில் ஒரு முகம்

பினாங்கில் கப்பல் ஏறும்போது என் கையில் இரண்டு மூட்டைகள் இருந்தன. ஒன்றில் என் சாமான்கள்: பென்சில்கள், கரிக்குச்சிகள், முள் பேனா, மசிக்குப்பி, தகரப் பெட்டிக்குள் நீர்வண்ணக் கட்டிகள், எண்ணெய்த் துணியில் சுற்றிய தாள்கள். மற்றதில் வீரையன் அண்ணன் தன் அக்காவுக்குக் கொடுத்தனுப்பிய சேலை, டார்ச் விளக்கு, ரொட்டி டின், தலைவலித் தைலம். மூட்டையோடு ஒரு சேதியும் இருந்தது. வாயால் சொல்கிற சேதிதானே என்று லேசாக வாங்கிக்கொண்டேன். அந்தப் பயணத்தில் அதைவிடக் கனமாக நான் எதையும் சுமக்கவில்லை.

வீரையன் அண்ணன் எங்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். சொந்த ஊர் நன்னிலத்துப் பக்கம். அவருடைய அக்கா மகன் முருகையன், சில வருஷங்களுக்கு முன் குறுவை அறுப்பில் கூலித் தகராறு வந்து போலீஸ் துரத்தியபோது, வெள்ளம் ஓடிய ஆற்றில் குதித்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை. ஆனால் அக்காவோ, மகன் நீந்திக் கரையேறி, நாகப்பட்டினத்தில் கப்பல் பிடித்து, மாமனிடம் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சாதிக்கிறார்.

"இங்க வரலைன்னு எத்தனை கடுதாசி போட்டாலும் நம்ப மாட்டேங்குது. நீங்க நேர்ல பாத்துச் சொல்லிட்டு வந்துடுங்க தம்பி. அது இப்படியே வாசலப் பாத்துக்கிட்டுச் சாகக் கூடாது" என்றார் வீரையன் அண்ணன்.

நான் சினிமாக் கொட்டகைகளுக்குப் பேனர் எழுதிப் பிழைக்கிறவன். நாயகனுக்கு ரோஜா நிறக் கன்னம், வில்லனுக்குப் பச்சை நிழல். வயிற்றுக்கு அது. மனசுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கெட்ச். ஒரே படகை, ஒரே மரத்தை, பென்சிலில் ஒரு தடவை, கரியில் ஒரு தடவை, மசியில் ஒரு தடவை, நீர்வண்ணத்தில் ஒரு தடவை என்று போட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். தஞ்சாவூர்ச் சீமையின் வயல்களை அப்படிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன். என் அப்பா ராமநாதபுரத்துப் பக்கம். டெல்டாவில் எனக்கு உற்றார் உறவினர் ஒருவரும் கிடையாது. ஐப்பசியில் அங்கே போகாதே என்று சொல்லவும் ஆளில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நின்றுகொள்ளும், படகில் இறங்கி, பாதி நனைந்து, கரை சேர வேண்டும். எங்கள் ஊரில் கப்பலிலிருந்து செருப்பு நனையாமல் நடந்து வரலாம். இதைச் சொன்னதும் படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அங்கேயே நடந்துக்கிட்டு இருக்க வேண்டியதுதானே" என்றார்.

சுங்கத்தில் என் வண்ணப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதிகாரி வெகு நேரம் யோசித்தார். சிவப்புக் கட்டியைச் சுரண்டி முகர்ந்தார். இது மருந்தா, மிட்டாயா, போதை வஸ்துவா என்று அவருக்குத் தீரவில்லை. கடைசியில் அவர் முகத்தையே பென்சிலில் போட்டுக் கொடுத்தேன். "மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று கோபித்துக்கொண்டே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்று கடற்கரையில் கரிக்குச்சியால் படகுகளைப் போட்டேன். கரி எனக்குப் பிடித்த சாமான். ஒரே இழுப்பில் நிழல் வந்துவிடும். ஆனால் அந்த ஈரக்காற்றில் தாள் பப்படம் மாதிரி நமுத்துப்போய்க் கரியைப் பிடிக்கவே இல்லை. தொட்ட இடமெல்லாம் ஈஷியது. வானமும் கடலும் படகும் ஒரே சாம்பலாக ஆகிவிட்டன. நிமிர்ந்து பார்த்தால் எதிரே நிஜமும் அப்படித்தான் இருந்தது.

டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "கொடி மாறிடுச்சு, போர்டு மாறிடுச்சு, ராஜ்யத்துக்குப் பேரே மாறிடுச்சு. நம்ம கூலி மாறுச்சா?" என்றார் ஒருவர். "குடியிருக்கற மனை நமக்குத்தான்னு சட்டம் வந்துருக்குல்ல?" என்றார் மற்றவர். முதலாமவர் டீயின் கசட்டைத் தரையில் ஊற்றினார். "சட்டம் வந்துருச்சு. பஸ்ஸுதான் இன்னும் வரல" என்றார். பஸ் உண்மையிலேயே வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து காத்திருந்தோம்.

மறுநாள் நன்னிலம் போகும் பஸ்ஸில் ஒரு வாத்துக்காரர் தன் கூடைகளை மேலே ஏற்றினார். என் தாள் மூட்டையும் மேலே இருந்தது. வாத்துகள் வழி நெடுக அதன்மேல் தங்கள் கைவரிசையைக் காட்டின. பாதி வழியில் சாலையைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு ஓட, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். முழங்கால் சேற்றில் என் ஒரு செருப்பு தங்கிவிட்டது. "ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க, அதையும் போட்டுட்டு வாங்க" என்றார் கண்டக்டர். நியாயமாகத்தான் பட்டது. போட்டுவிட்டு வந்தேன்.

நன்னிலத்தில் ஒரு சைக்கிள் கடையின் மேலே அறை கிடைத்தது. கீழே காபி கிளப். பினாங்கில் கோப்பி என்றால் கறுப்பாக, வெண்ணெயில் வறுத்த வாசனையோடு, பீங்கான் கோப்பையில் வரும். இங்கே பித்தளை டம்ளரில் பாலும் நுரையுமாக வருகிறது. குடிக்கச் சுகம்தான். அதைத் தவிர அந்த அறையில் சுகம் என்று எதுவும் இல்லை.

காலையில் எழுந்து பார்த்தால் வண்ணப் பெட்டிக்குள் எறும்புப் படை. நீர்வண்ணக் கட்டியில் பிசினும் தேனும் கலந்திருக்கும். அது எனக்குத் தெரியும். எறும்புகளுக்கும் தெரிந்திருக்கிறது. மஞ்சளில் ஒரு மூலையைக் காணோம். ஜன்னல் வழியே தெரிந்த குளத்தைப் போட முயன்றேன். முதல் பூச்சு காயாமலே இரண்டாவது பூச்சு ஓடியது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று ஆயிற்று. மாலைக்குள் தாளில் பூஞ்சைப் பொட்டுகள் வந்துவிட்டன. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். நான் மழையைத் திட்டிக்கொண்டு படுத்தேன்.

அஞ்சலை அக்காவின் ஊருக்கு வாடகை சைக்கிளில் போனேன். ஊர்ப்பெயர் வேண்டாம். முடிகொண்டான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கோயிலும் மாடி வீடுகளும். அந்தப் பக்கம், வயலுக்குள் நீட்டிய மேட்டில், வேலைக்காரர்களின் குடிசைகள். நடுவே மூங்கில் பாலம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினேன். கீழே ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது. இதில் குதித்தவன் கரையேறியிருப்பான் என்று நம்ப ஒரு தாய்க்குத்தான் முடியும்.

அஞ்சலை அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். அகலமான நெற்றி, உயர்ந்த கன்ன எலும்பு, பேசும்போது அசையாத கண். நான் பினாங்கு என்றதுமே எழுந்து நின்றுவிட்டார். மூட்டையை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நல்லா இருக்கானா?"

"வீரையன் அண்ணன் நல்லா இருக்காருக்கா."

"அவன் இல்ல. எம்மவன்."

என்னால் சுற்றி வளைக்க முடியாது. சொல்லிவிட்டேன். "முருகையன் அங்க வரலக்கா. அண்ணன் எல்லா இடத்துலயும் விசாரிச்சுட்டாரு. இதைச் சொல்லத்தான் என்னை அனுப்பினாரு."

அக்கா அழவில்லை. தலையை மெல்ல ஆட்டினார். சுற்றி நின்ற தெருக்காரர்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "போலீசுக்குப் பயந்து இருக்கறவன், நான் இங்க இல்லேன்னு சொல்லுன்னுதானே சொல்லி அனுப்புவான்? நீங்க சொல்றதுதான் சரி தம்பி. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. உக்காருங்க, சாப்புடலாம்" என்றார்.

இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அத்தனையும் இருக்கிறான் என்பதற்குச் சாட்சியாகிவிடும். நண்டு ரசமும் சோறும் போட்டார்கள். வயல் நண்டு, மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட ரசம். எங்கள் ஊரின் பெரிய கடல் நண்டில் இல்லாத ருசி. தொண்டைக்குள் அது இறங்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

திரும்பும்போது முருகையனின் மனைவி தனபாக்கியம் பாலம் வரை கூட வந்தார். முப்பது வயது இருக்கும். பிள்ளை இல்லை. நெற்றியில் பொட்டு இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாதபடி மங்கலாக ஒரு தீற்றல்.

"அண்ணே, நீங்க படம் போடுவீங்களாமே. அவுங்களை ஒரு படம் போட்டுத் தாங்க. போட்டோ ஒண்ணும் எடுத்ததில்ல."

"பாக்காத ஆளை எப்படிம்மா போடறது?"

"அத்தை மூஞ்சிதான் அவுங்களுக்கு. அத்தையப் பாத்துப் போடுங்க. மீசை மத்ததெல்லாம் நாங்க சொல்றோம்."

சரி என்றேன். வயலும் வரப்பும் போட வந்தவன் மறுநாள் காலை அஞ்சலை அக்காவின் முன்னால் மணையில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பென்சில். அக்காவை அப்படியே போட்டு, முடியைக் குறைத்து, தாடையை அகட்டினேன். தெரு முழுக்கச் சுற்றி நின்றது. ஆளுக்கொரு தீர்ப்பு. "மூக்கு இன்னும் சப்பை." "காது இவ்வளவு ஒட்டியிருக்காது, மடல் விரிஞ்சு நிக்கும்." "மீசையக் கீழ எறக்குங்க, அவன் என்ன நாடகக்காரனா?" பேனர் கொட்டகையில் முதலாளி ஒருவர்தான் குறை சொல்வார். இங்கே முப்பது முதலாளிகள். ரப்பரால் அழித்து அழித்துத் தாளில் இழை எழும்பிவிட்டது. அஞ்சலை அக்கா மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். அவ்வப்போது எட்டிப் பார்ப்பார், பின்வாங்கிக்கொள்வார்.

பென்சில் கோடு முகத்தின் எல்லையைச் சொல்லியதே தவிர ஆளைச் சொல்லவில்லை. கரிக்குச்சியை எடுத்தேன். கன்னத்து நிழலை விரலால் தேய்த்ததும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எம்மவன் மூஞ்சில கரியப் பூசாதீங்க."

கரியை எடுத்து உள்ளே வைத்தேன். வேறொரு தாளில் மசி. மசி கெட்டியாக இருந்ததால் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை விட்டுக் கலந்தேன். அந்தக் கிணறு உப்பு என்று யார் கண்டது? குப்பிக்குள் மசி திரிந்துபோய்ப் பால் மாதிரி பிரிந்தது. தெரியாமல் பூசியபோது கன்னம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கட்டி தட்டியது. "அம்மை போட்ட மாதிரில்ல இருக்கு" என்று ஒரு பெண் சிரித்தார். தனபாக்கியம்கூடச் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

மாலையில் கோயில் பக்கத்து மிராசுதார் கூப்பிட்டனுப்பினார். பெரிய வீடு, பாதி பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் சென்னையிலும் பம்பாயிலும் உத்தியோகம். காபி கொடுத்து, என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"கை நன்னா வருது உங்களுக்கு. கோபுரம் இருக்கு, தேர் இருக்கு, அதைப் போடறதை விட்டுட்டு அந்தத் தெருவுல என்ன?"

முருகையனின் படம் என்றேன். அவர் நோட்டை மூடினார்.

"நான் ஒண்ணும் அரக்கன் இல்லை. வெளியாளைக் கொண்டுவந்து அறுத்தேன், வாஸ்தவம். நெல்லு கதிரோட முளைச்சுக்கிட்டு இருந்துது. அவன் ஆத்துல குதிப்பான்னு யார் கண்டா? இப்போ மனைக்குப் பட்டா குடுங்கறா. குடியிருந்தவன் பேர்ல குடுக்கணும். அவன் இருக்கானா, வரச் சொல்லுங்கோ. செத்துட்டானா, கிராம முன்சீப் சாவுப் புஸ்தகத்துல எழுதட்டும், பொண்டாட்டி பேருக்கு ஆகட்டும். ரெண்டும் இல்லேன்னா அது ஓடிப்போனவன் மனை. என் வேலியை நான் நகத்திப் போட்டுப்பேன்."

பேச்சு மென்மையாகத்தான் இருந்தது. காபியும் நன்றாக இருந்தது. பாதியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் நீர்வண்ணம். என் பெட்டியில் 'தோல் நிறம்' என்றே ஒரு கட்டி உண்டு. சீமையில் செய்த பெட்டி, சீமைத்துரையின் தோல். அதை வைத்து இத்தனை காலம் நாயகர்களின் கன்னத்தைச் சிவக்கவைத்திருக்கிறேன். முருகையனுக்கு அதில் காவியைக் கலந்தேன், பழுப்பைக் கலந்தேன், நீலத்தைத் தொட்டேன். "அவுங்க இன்னும் கருப்பு" என்றார் தனபாக்கியம். இன்னும் கலந்தேன். "இது செத்த கருப்பா இருக்கு" என்றார். கலக்கக் கலக்க அழுக்காயிற்று. வேலை செய்கிற கறுப்பு மனிதனுக்கு அந்தப் பெட்டியில் நிறமே வைக்கவில்லை. இது இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவில்லை என்பது வெட்கமாக இருந்தது.

அக்கா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் தனபாக்கியத்திடம் பெருமை பேசினேன். பென்சில் அழியும், மசி மங்கும், நல்ல நிறம் கிடைத்துவிட்டால் ஐம்பது வருஷத்துக்குச் சாயம் போகாமல் போட்டுத் தருகிறேன், கண்ணாடி போட்டு மாட்டலாம், பூச்சி அரிக்காமல் பின்னால் தைலம் தடவ வேண்டும் என்றெல்லாம் அளந்தேன்.

"மாட்டறதுக்கு இல்லண்ணே" என்றார் அவர். "எரிக்கறதுக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கோலால் ஆள் கட்டி எரிப்பது அவர்கள் வழக்கம். தலைக்கு ஒரு சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் கண்ணும் மூக்கும் போடுவார்கள். எரித்துக் கருமாதி செய்தால்தான் தெரு ஒப்புக்கொள்ளும். தெரு சொன்னால்தான் முன்சீப் எழுதுவார்.

"சட்டியக் கொண்டாந்து வச்சாங்க, போன வருஷமே. அத்தை தூக்கிப் போட்டு ஒடச்சிடுச்சு. எனக்கும் மனசு வரல. சட்டி அவுங்களாண்ணே? ஆனா எத்தனை நாளைக்கு? ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு நிக்கறேன். இந்தக் குடிசையும் போச்சுன்னா அத்தையக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? அவுங்க மூஞ்சி மாதிரி ஒண்ணு இருந்தா அத்தை சம்மதிக்கும்."

இப்போது என் நிலைமை விளங்கியது. படம் முருகையனைப் போல வர வேண்டும், அக்கா அதில் மகனை அடையாளம் கண்டு, அவனை விட்டுவிட வேண்டும். வராமல் போனால் வேலி நகரும். பேனருக்குப் படம் மோசமாக வந்தால் ஒரு வெள்ளிக்கிழமை டிக்கெட் குறையும். இது அந்த மாதிரி வேலை இல்லை. பயமாகவே இருந்தது. அன்று பிரஷ்ஷை மேலும் தொடாமல் கிளம்பினேன்.

பாலத்தைத் தாண்டி வரப்பில் வரும்போது சைக்கிள் வழுக்கியது. நானும் சைக்கிளும் நோட்டும் நாற்றங்காலுக்குள் விழுந்தோம். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கினார்கள். "பினாங்கு மாப்பிள்ளைக்கு நாத்துப் பறிக்கணும்னு ஆசை வந்துருச்சு டோய்" என்றார் ஒருவர். அறைக்கு வந்து நோட்டை விரித்து உலர்த்தினேன். சேறு பட்ட ஒரு பக்கம் மட்டும் முதலில் காய்ந்திருந்தது. கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை, உள்ளே ஒரு சூடு இருந்தது. என்னைத் தூக்கிவிட்ட பெண்களின் முன்கை நிறம்.

மறுநாள் வயல் சேற்றைக் கொட்டாங்கச்சியில் கரைத்துத் தெளியவிட்டேன். மேலே படியும் நைசான வண்டலை வழித்து, பிசின் தண்ணீர் கலந்து, பிரஷ்ஷில் எடுத்தேன். ஒரு பூச்சு வெளிச்சத்துக்கு, அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று நிழலுக்கு. என்னிடம் இருந்ததில் ஆகக் கெட்டியான, விலையுயர்ந்த தாள். கண்களுக்கும் மீசைக்கும் மட்டும் மசி, இந்த முறை மழைத்தண்ணீரில். அன்றைக்கு வெயில் எட்டிப் பார்த்தது. பூச்சு காய்ந்தது.

தெரு இந்தத் தடவை தீர்ப்பு சொல்லவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள், நகர்ந்தார்கள். தனபாக்கியம் தூணோரம் நின்று பார்த்தார், உள்ளே போனார், திரும்ப வந்து பார்த்தார். அஞ்சலை அக்கா தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுதுக்கா."

"நல்லாப் பாருங்க. எதுவும் விட்டுப் போயிருக்கா?"

நான் நன்றாகவே பார்த்தேன். அவ்வளவு நிறைவாக நான் ஒரு முகத்தை வரைந்ததில்லை. "ஒண்ணும் விட்டுப் போகலக்கா" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு பங்காளி முறையான கோவிந்தனைக் கூப்பிட்டு, "வைக்கோலுக்குச் சொல்லிடுப்பா" என்றார். தனபாக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது. வீரையன் அண்ணனின் கடிதங்களால் ஆகாதது என் பிரஷ்ஷால் ஆயிற்று என்று நினைத்தேன். நான் வாயால் சொல்லி நம்பாதவரை என் படம் நம்பவைத்துவிட்டதே.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் தூறல். வைக்கோல் ஆளுக்கு முருகையனின் வேட்டியைச் சுற்றியிருந்தார்கள். தலைக்கு உருட்டிய வைக்கோல் பந்தின்மேல் என் படத்தை நூலால் கட்டினார்கள். பெண்கள் அங்கே வரும் வழக்கமில்லை. அக்காவும் தனபாக்கியமும் வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தூறல் துளி பட்டு ஒரு கன்னத்தில் சேறு லேசாகக் கரைந்தது. கோவிந்தன் பந்தத்தைப் பற்றவைத்துக்கொண்டு அருகே வந்தார்.

"இருப்பா" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பினார். "தம்பி, பென்சில் வச்சிருக்கீங்களா? இடது புருவத்துல ஒரு வெட்டு போடுங்க. குறுக்கால, இந்த அளவுக்கு."

"வெட்டா? நீங்க சொல்லவே இல்லியேக்கா."

"சொல்லல. ஏழு வயசுல கருக்கருவா பட்டது. முடி முளைக்காம கோடா நிக்கும். பாத்தவங்க யாருக்கும் மறக்காது. அவன இல்லேன்னு சொல்லச் சொல்லி அவன்தான் உங்களை அனுப்பியிருந்தான்னா, நீங்க பாத்திருப்பீங்க. பாத்திருந்தா, நான் சொல்லாமலே கை அதைப் போட்டுடும். அதுக்குத்தான் தெருவுல ஒருத்தரையும் இதப் பத்தி வாய் தொறக்க விடல." அவர் குரல் அங்கேதான் உடைந்தது. "நேத்து வரைக்கும் அந்தப் புருவத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மூக்கையும் காதையும் மீசையையும் குறை சொன்ன முப்பது பேரும் தலை குனிந்து நின்றார்கள். தனபாக்கியத்தைப் பார்த்தேன். எரிக்க வேண்டும் என்று கேட்டதே அவர்தான்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"நானும் அதையேதாண்ணே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

குனிந்து, வைக்கோலின்மேல் தாளை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இடது புருவத்தின் குறுக்கே அந்தக் கோட்டைப் போட்டேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஆமா" என்றார். பிறகு கோவிந்தனிடம், "வையிப்பா" என்றார்.